பேனா யாரிடம் இருக்கிறது?

புதையல் இல்லாத வேட்டை – 9

டப்பாவைக் கண்டெடுத்த குழந்தை துள்ளிக் குதித்து ஓய்ந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: பேனா எங்கே? மறைத்துவைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் கருவியால் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில் பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதாது. உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. சின்னப் பெட்டிகளில் பேனாவுக்கு இடமே இருக்காது. நாம்தான் கொண்டுபோக வேண்டும். அப்பா கையில் ஜிபிஎஸ், பிள்ளை கையில் குச்சி, பேனா அம்மாவின் பையில். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கருவியைத் தானே ஏந்தி முன்னால் நடக்கும் தாய்மார்கள் ஏராளம். அவர்கள் தோளிலும் அதே பைதான் தொங்குகிறது.

அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

புருவம் திருத்தும் ட்வீசர் ஒன்று கிடக்கும். 'நானோ' என்ற வகைப் பெட்டி விரல் நுனி அளவுதான்; காந்தத்தால் பூங்காவின் இரும்பு பெஞ்சுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே விளக்குத் திரிபோலச் சுருட்டிய காகிதத்தை ட்வீசர் இல்லாமல் இழுத்தால் கிழிந்துவிடும். எழுதி முடித்து, அடுத்து வருபவருக்காகப் பழையபடி இறுக்கமாகச் சுருட்டி வைப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

கோலிக்குண்டு, குட்டிக் கார், சாவிக்கொத்து எல்லாம் ஒரு சிறு பையில் இருக்கும். பெரிய பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்க வேண்டும் என்பது வழக்கம். பளபளக்கும் பந்தை எடுத்துக்கொண்டு உடைந்த கிரேயானை வைக்கப் பார்க்கும் பிள்ளையிடம், "உனக்கு அடுத்து வர்ற பிள்ளைக்கு என்ன இருக்கும்?" என்று கேட்கும் குரல் அம்மாவுடையது. பிள்ளை யோசித்து, மனசில்லாமல் தன் காரை வைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த விளையாட்டை நான் மதிக்கிறேன்.

மிட்டாய் வைக்கவும் அவள் விடமாட்டாள். 2000 மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே இந்த விளையாட்டின் முதல் பெட்டியாக டேவ் உல்மர் மறைத்த வாளியில் ஒரு டின் பீன்ஸ் இருந்தது. இன்று உணவுப் பொருளுக்குத் தடை. வாசனை பிடித்து வரும் விலங்கு டப்பாவையே கடித்துக் குதறிவிடும்.

பைக்கு வெளியேயும் வேலை உண்டு. நிலத்தின் கடினத்துக்கு 1 முதல் 5 வரை தரப்பட்டிருக்கும் மதிப்பைப் பார்த்து, தள்ளுவண்டி போகுமா என்று முந்தின இரவே அவள் தீர்மானித்திருப்பாள். ஆரிகன் காடுகளில் மூன்று மூன்று இலையாக வளரும் விஷ ஓக் செடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். அதைப் பிள்ளைக்கு அடையாளம் காட்டுவாள். வீடு திரும்பியதும் காதுமடலின் பின்னால், தலைமுடிக்குள் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஜிபிஎஸ் கருவிக்குள்ளேயே ஒரு தாயின் உழைப்பு இருக்கிறது. கிளாடிஸ் வெஸ்ட், வர்ஜீனியாவின் விவசாயக் குடும்பத்தில் 1930-ல் பிறந்த கறுப்பினக் கணித அறிஞர்; மூன்று பிள்ளைகளின் தாய். 1956-ல் டால்கிரன் கடற்படை மையத்தில் சேர்ந்து 42 ஆண்டுகள் பணியாற்றினார். பூமி சீரான உருண்டை அல்ல. அதன் மேடுபள்ளங்களைச் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து கணக்கிட்டு, அவர் உருவாக்க உதவிய பூமியின் வடிவ மாதிரி ஜிபிஎஸ்ஸுக்கு அடித்தளமானது. அமெரிக்க விமானப்படை அவரைக் கௌரவித்தது 2018-ல்தான். இத்தனை தாமதம் எனக்கு வலிக்கிறது.

தேடவே தேடாத தாய்மார்களும் உண்டு. "ஒரு நிமிஷம்தான்" என்று நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் புதருக்குள் போனபின், தூங்கும் கைக்குழந்தையோடு அரைமணி நேரம் காத்திருப்பவர்கள். இருட்டத் தொடங்கியதும் "போதும், இன்னொரு நாள் வரலாம்" என்று அழைப்பவர்களும் அவர்களே. அன்றைக்கு இணையப் பதிவில் 'கிடைக்கவில்லை' என்று நேர்மையாக எழுதவும் சொல்வார்கள். அப்படி எழுதினால்தான் பெட்டி தொலைந்திருக்கலாம் என்று வைத்தவருக்குத் தெரியவரும்.

பல குடும்பங்கள் குறிப்பேட்டில் எல்லோருக்குமாக ஒரே அணிப்பெயரை எழுதுகின்றன. காற்றில் படபடக்கும் தாளை அம்மா தன் முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, பிள்ளை கோணல் எழுத்தில் அந்தப் பெயரை எழுதுகிறது.

(தேடல் தொடரும்)