ஓடறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓடுங்க, ஸார்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே சமயத்தில் ஏழெட்டு மேட்ச் நடக்கும். எந்தப் பந்து எந்த மேட்ச்சுக்குச் சொந்தம் என்பது போட்டவருக்கே வெளிச்சம்!

ஆடுகிறவர்களில் பலர் வாரம் பூரா நாற்காலியைத் தேய்க்கிறவர்கள். பைக்கை ஸ்டாண்ட் போட்ட கையோடு பந்தை வாங்குவார்கள். தடதடவென்று ஓடி வருவார்கள். மூன்றாவது பந்தில்... சுளீர்! தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் மனுஷர்.

'ஹாம்ஸ்ட்ரிங்' என்கிற பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. லேசான இழுப்பு என்றால் சில நாட்கள். கிழிந்திருந்தால் வாரக்கணக்கு. ஒரு ஓவருக்கு ஆசைப்பட்டு, பொத்திப் பொத்தி வைத்த லீவெல்லாம் காலி!

"நாங்கதான் வார்ம்-அப் பண்ணிட்டு இறங்கறோமே?"

பார்த்தோமே! குனிந்து ஒரு தடவை கால் கட்டைவிரலைத் தொடுவது, இடுப்பில் கை வைத்து ரெண்டு சுற்று சுற்றுவது. அதற்குப் பெயர் வார்ம்-அப் இல்லை. மைதானத்துக்கு வைக்கிற வணக்கம்!

நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடிப்பதால் மட்டும் காயம் குறைந்துவிடாது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வார்ம்-அப் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் இழுப்புப் பயிற்சி கூடுதல். 2000-ல் வெளியான முடிவு: கால் காயங்களில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை.

அசைந்து, ஓடி, குதித்துச் செய்கிற வார்ம்-அப் கதையே வேறு. நார்வேயில் 125 கிளப்களில், 13 முதல் 17 வயதுள்ள பெண் கால்பந்து ஆட்டக்காரர்களிடம் 'ஃபிஃபா லெவன் ப்ளஸ்' என்ற 20 நிமிடப் பயிற்சியைச் சோதித்தார்கள். மெதுவான ஓட்டம், பிறகு தசை பலத்துக்கும் பாலன்ஸுக்குமான பயிற்சி, கடைசியில் வேக ஓட்டம். 2008-ல் வந்த முடிவு: பயிற்சி செய்த பிரிவில் மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பலத்த காயங்கள் கிட்டத்தட்ட பாதி!

காரணம் எளிது. மெதுவாக ஓடினால் தசைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, உள்சூடு ஏறுகிறது, விறைப்பு தளர்கிறது. அந்தக்கால ஸ்கூட்டரைச் சாய்த்து, உதைத்து, கொஞ்சம் உறும விட்டுத்தானே கிளப்புவோம்? தொடைக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

"சென்னை வெயிலே வார்ம்-அப்தானே ஸார்?" என்பார் ஒரு குறும்பர். வெயில் மண்டையைக் காய்ச்சும். காலுக்கு ஓட்டம் பழக்காது!

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு நிமிடம் மெது ஓட்டம். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் வீசுங்கள். முழங்காலை உயர்த்தி நடங்கள். பௌலர்கள் தோளைச் சுழற்றி, கிட்டத்திலிருந்து நாலு பந்து மெதுவாக எறியட்டும். கடைசியில் மூன்று ஓட்டம்: பாதி வேகம், முக்கால் வேகம், அப்புறம் முழு வேகம்.

முக்கியமான சங்கதி இது. ஆறாவதாக இறங்குகிற பேட்ஸ்மேன் மரத்தடியில் ஒரு மணி நேரம் அரட்டை அடித்திருப்பார். ஏறின சூடு அதற்குள் இறங்கியிருக்கும். மூணாவது விக்கெட் விழுந்ததுமே எழுந்து, பவுண்டரி ஓரமாக நாலு நடை ஓடிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சிங்கிளே கடைசி சிங்கிளாகிவிடும்!

அப்படியும் 'சுளீர்' என்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள். "ஒண்ணுமில்லப்பா, ஓடினா சரியாயிடும்" என்று சொல்கிறவர் கால் உங்களுடையதில்லை. யாராவது அழுத்தி நீவிவிட வந்தால் பெரிய கும்பிடு போடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, வலி அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் ஓரமாகக் காலை வீசுவதைப் பார்த்து எதிர் டீம் சிரிக்கும். சிரிக்கட்டும். திங்கட்கிழமை காலை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கொரு தரம் "அம்மா!" என்று ஏறுவது யாரென்று பார்த்துவிடலாம்!