காலடி எண்ணும் கருவியும் கனிவுடைய செவிலியரும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் மொழி. நோயுற்றவருக்குப் பணிவிடை செய்பவரே செவிலியர் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். நோய் வருமுன் காப்பதும் அவர்தம் பணியே. அப்பணியில் அவருக்கு இன்று துணை நிற்பவை, மக்கள் தம் உடலில் அணிந்துகொள்ளும் சிறு கருவிகள். அவற்றுள் மிக எளியது, நடக்கும் அடிகளை எண்ணும் அடிமானி. 'பெடோமீட்டர்' என்றும் அதைக் கூறுவர். அதைச் செவிலியர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதைக் காண்போம்.

கருவி எண்ணுவது எப்படி?

பழைய அடிமானி, இடுப்பில் செருகிக்கொள்ளும் ஒரு சிறு பெட்டி. அதனுள் சுருள்வில்லில் தொங்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. நாம் அடி எடுத்து வைக்கும்போது இடுப்பு சற்றே ஏறி இறங்கும். நெம்புகோலும் உடன் அசையும். ஓர் அசைவு ஓர் அடியாகும். இன்றைய 'ஸ்மார்ட்' கைக்கடிகாரங்களிலோ முடுக்கமானி என்னும் நுண்ணிய சில்லு இருக்கிறது. அது கையின் அசைவை ஒரு வினாடிக்குள் பல முறை அளக்கிறது. அவ்வளவுகளில் நடைக்குரிய தாளம் தென்பட்டால் அடிகளாகக் கணக்கிடுகிறது.

ஆயினும் கருவிக்குக் கண் இல்லை. நாம் உட்கார்ந்து மாவு பிசைவதையும் அது நடை என்று எண்ணிவிடக்கூடும். தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடந்தால், கை அசையாத காரணத்தால் பல அடிகளை எண்ணாமல் விட்டுவிடவும் கூடும்.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

'நாள்தோறும் 10,000 அடிகள் நடக்க வேண்டும்' என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இது மருத்துவர் ஆராய்ந்து வகுத்த அளவு அன்று. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அதற்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானின் யமாசா நிறுவனம் ஓர் அடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி அளவி' என்பது அதன் பொருள். விற்பனைக்கு வைத்த பெயரே நாளடைவில் உலகத்தார்க்கு விதியாகிவிட்டது!

இதனால் வரும் தீங்கைச் சற்றே சிந்திப்போம். முழங்கால் வலியுடன் 3,000 அடி நடந்த பாட்டி, 'இன்னும் 7,000 குறைகிறது' என்று கண்டால் என்ன செய்வார்? மனம் தளர்ந்து கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். அதனுடன் நடையையும் நிறுத்திவிடக்கூடும்.

2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இத்தகையோர்க்கு ஆறுதல் தருகிறது. சராசரி 72 வயதுடைய 16,741 பெண்கள் இடுப்பில் முடுக்கமானி அணிந்து ஏழு நாட்கள் அதில் பங்கேற்றனர். அவர்கள் சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்கள். செவிலியரும் பலர் இருந்தனர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவரைக் காட்டிலும், 4,400 அடி நடந்தவரிடையே பின்வந்த ஆண்டுகளில் மரண விகிதம் 41 விழுக்காடு குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் நன்மை தென்படவில்லை. நலமாக இருப்பவரே அதிகம் நடப்பார் என்பதால், நடையே முழுக் காரணம் என்று கூறிவிட இயலாது. எனினும் 10,000 அடிகளை எட்டாத நடை வீண் என்று கருத இடமில்லை.

லண்டன் செவிலியர் செய்த பணி

தென் லண்டன் மருத்துவ நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. 45 முதல் 75 வயது வரையுள்ள, அதிகம் நடவாத 1,023 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் இருந்தனர். மற்றொரு பிரிவினருக்கு அடிமானியும் நடைக் குறிப்பேடும் தபாலில் சென்றன. மூன்றாம் பிரிவினரை அவற்றுடன் செவிலியரும் மும்முறை சந்தித்து உரையாடினர்.

யாருக்கும் 10,000 என்று இலக்கு விதிக்கவில்லை. ஒருவர் வழக்கமாக நடக்கும் அடிகளே அவருடைய தொடக்கம். அத்துடன் வாரத்தில் சில நாட்கள் 1,500 அடிகள் கூட்டினர். பிறகு 3,000 அடிகள். பிறகு நாட்களையும் கூட்டினர். இவ்வாறு 12 வாரங்கள் நடந்தன.

மூன்று மாத முடிவில், வழக்கம்போல் இருந்தவரைவிடத் தபால் பிரிவினர் நாள்தோறும் சுமார் 690 அடிகளும், செவிலியரைச் சந்தித்தவர் சுமார் 1,170 அடிகளும் மிகுதியாக நடந்தனர். ஓராண்டு கழிந்தபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாயினர். ஆயினும் இருவருமே 640 அடிகளுக்கு மேல் கூடுதலாக நடந்துகொண்டிருந்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அவரவர் நிலையிலிருந்து வகுத்த இலக்கே நிலைத்து நிற்கிறது. தொடக்கத்தில் தயங்கும் கால்களுக்குச் செவிலியரின் சொல் ஊன்றுகோலாகிறது. எண்ணிக்கை குறைந்ததைக் கருவி காட்டும். ஏன் குறைந்தது என்று அது கேட்காது. மூட்டு வலியா, பொருந்தாத செருப்பா, தெருநாயிடம் அச்சமா, மனக்கவலையா என்று பரிவுடன் கேட்பது மனிதரால் மட்டுமே இயலும்.

நாம் செய்யக்கூடியது

நம் இல்லத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். அன்னையோ பாட்டியோ முதல் வாரம் வழக்கம்போல் நடக்கட்டும். நாம் அடிகளைக் குறித்து வைப்போம். அடுத்த வாரம் அதனுடன் சிறிது கூட்டுவோம். கருவி இல்லையெனில் கவலை வேண்டாம். பத்து நிமிட விரைவு நடை ஏறத்தாழ 1,000 அடியாகும். அதற்குச் சுவர்க்கடிகாரமே போதும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ உடையவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நடையைக் கூட்ட வேண்டும்.

நம் தோழியருள் நாளைய செவிலியர் பலர் உள்ளனர். அவர்கள் கைகளில் இன்னும் நுட்பமான கருவிகள் வந்து சேரும். அவை எண்களைச் சொல்லட்டும்; அவற்றை அணிந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச நாம் கற்றுக்கொள்வோம்.