ஆரணியின் மேகங்கள்

பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியில் ஒரு நாளைக்குப் பலமுறை தலையை நிமிர்த்தி ஆகாயத்தை நோக்காமல் பிழைப்பு நடத்துவது கஷ்டம். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி இழை சரிபார்க்கிறவர்களும், சாயம் தோய்த்த பட்டு நூலை மூங்கில் கழிகளில் மாட்டி உலர்த்துகிறவர்களும், அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் கிளறிவிடுகிற அரிசி ஆலைத் தொழிலாளிகளும், திடீரென்று கொட்டும் பத்து நிமிஷத் தூறலுக்கு ஒரு நாள் உழைப்பைப் பறிகொடுக்கக் கூடியவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டாலோ, குழித்தறியின் குழியில் ஈரம் ஊறி, தாழ்வான வீடுகளில் தண்ணீரே தேங்கி நின்று, தறி ஓட்டமும் அதனுடன் கூலியும் சேர்ந்து நின்றுபோகின்றன. ஆகையால் “மழை வருமா?” என்று இவ்வூரில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில் பேச்சுக்காகப் பேசும் பேச்சு குறைவு.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகுமுன், எவ்வளவு காலத்துக்குள் வரும் என்று கேட்கிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் வருமா என்றால், பழகிய கண்ணே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். இரண்டு மூன்று நாளில் வருமா என்றால், செயற்கைக்கோளும் ராடாரும் கணிப்பொறியும் சொல்ல வேண்டும். இந்த வருஷம் எப்படி என்றால், கண்ணும் பஞ்சாங்கமும் கணிப்பொறியும் மூன்றுமே அடக்கமாகப் பேசுவதுதான் நியாயம். வானிலையைப் பற்றி நம்மிடையே நடக்கும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி, இம்மூன்று கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் விளைபவை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கண்ணின் விஷயத்தைப் பார்ப்போம். ஆரணியில் மேகம் பார்க்கக் கற்பவன் முதலாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த மாதத்தில் எந்தத் திக்கைப் பார்ப்பது என்பதே. சென்னையைப் போன்ற கடற்கரை ஊர்கள் தங்கள் மழையில் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவத்தில் பெறுகின்றன. திருவண்ணாமலை மாவட்டமோ தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவங்களிலும் ஏறக்குறைய சமமாகவே மழை பெறுகிறது. மேற்கே ஜவ்வாது மலை. ஆரணியின் கமண்டல நாகநதிக்கு நீர் தரும் மலையும் அதுவே. கிழக்கே, சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வங்காள விரிகுடா. ஆடி, ஆவணி, புரட்டாசியில் மழை மலைப் பக்கமிருந்து மாலையிலோ இரவிலோ இடியுடன் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கமிருந்து பகல் இரவு பாராமல் வரும். ஆடி மாதத்து மாலையில் கிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நனைவது உறுதி. (அதே ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நெசவாளிக்குப் பகையான மேகம் அங்குள்ள வானசாஸ்திரிகளுக்கும் பகைதான். தை முதல் சித்திரை வரையுள்ள தெளிந்த இரவுகளே அவர்களுக்கு நல்ல அறுவடைக் காலம்.)

ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல் மொட்டை மாடியில் நின்று மேற்கே கவனித்தால், மேகம் பிறந்து வளர்ந்து பெய்து தீரும் சரித்திரம் முழுவதையும் பிரத்தியட்சமாகக் காணலாம். காலை பத்து, பதினொரு மணிக்கு ஆங்காங்கே அடி தட்டையாகவும் மேல்புறம் காலிஃபிளவரைப் போல உருண்டையாகவும் சிறு வெண்மேகங்கள் தோன்றும். பாடப் புத்தகங்கள் இவற்றைத் திரள் மேகங்கள் என்கின்றன. வெயிலில் சூடேறிய தரைக்காற்று இலேசாகி மேலே எழுகிறது. எழும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிர்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தை அடைந்ததும் அதிலுள்ள நீராவி துளியாக மாறுகிறது. அந்த உயரம் அக்கம்பக்கத்து மேகங்களுக்கெல்லாம் ஒன்றே ஆகையால், அவற்றின் அடிப்புறம் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கிறது. நீராவி துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. பகல் ஒரு மணிக்கும் அந்த மேகங்கள் உயரத்தைக் காட்டிலும் அகலம் அதிகமாக இருந்தால் அச்சமில்லை. நெல்லைக் களத்திலேயே விட்டுவைக்கலாம். அகலத்தைக் காட்டிலும் உயரம் அதிகமாகிக் கோபுரம் கோபுரமாக எழும்பத் தொடங்கினால், தார்ப்பாய்களைக் கையருகே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று நான்கு மணிக்கு அக்கோபுரங்களுள் ஒன்று பதினைந்து கிலோமீட்டர் உயரத்தையும் எட்டிவிடலாம். அங்கே அதன் உச்சி இதற்குமேல் எழ முடியாமல் பக்கவாட்டில் பரவித் தட்டையாகிறது. விளிம்பு கூர்மை இழந்து நார் நாராகப் பிரிகிறது. துளிகள் பனித்துகள்களாக உறைந்துவிட்டன என்பதற்கு அதுவே அறிகுறி. திரள் மேகம் கார்திரள் மேகமாயிற்று, இனி இடியும் மின்னலும் உண்டு. இந்தக் கட்டத்தில் வேடிக்கையான ஒரு விஷயம் நடக்கிறது. மேகம் கிழக்கு நோக்கி, அதாவது நம்மை நோக்கி, நகர்ந்து வருகிறது; அதன் தலைப்பரப்போ மேற்கு நோக்கி, நம்மைவிட்டு விலகி, நீண்டு செல்கிறது. தாழ்ந்த உயரத்தில் மேற்குக் காற்றும், மிக உயரத்தில் அதற்கு நேர் எதிரான கிழக்குக் காற்றும் வீசுவதே காரணம். தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவின் மேல் அவ்வளவு உயரத்தில் கிழக்கிலிருந்து விரையும் அந்த மாபெரும் காற்றோட்டத்தை 1958-ஆம் ஆண்டில் உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம். அவர் கருவிகளாலும் கணக்குகளாலும் நிறுவியதன் ஓர் அடையாளத்தை, ஆரணிக்காரர் எந்தக் கருவியுமில்லாமல் தம் மாடியிலிருந்தே காணலாம். தலை விலகிப் போகிறதே என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது. அடிப்புறத்துக் கருமை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

பிறகு காற்று ஒரு கணம் ஓய்கிறது. உடனே மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று புழுதியையும் மண்வாசனையையும் சுமந்துகொண்டு வந்து மோதுகிறது. மேகத்துக்குள் பெய்யும் மழை தன்னுடன் இழுத்துவரும் கனத்த குளிர்காற்று தரையில் விழுந்து சிதறி முன்னே ஓடிவருவதே இது. இந்தக் காற்று வந்த பின் மழைக்குச் சில நிமிஷங்களே அவகாசம். மின்னலைக் கண்டது முதல் இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்பது தெரியும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டுவிட்டால், மேகத்தின் அழகை ரசித்தது போதும் என்று மாடியைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

ஐப்பசி மேகத்தின் குணம் வேறு. வாடையும் கொண்டலும் வீசும் அக்காலத்தில், தாழ்ந்த சாம்பல் நிறக் கந்தல் மேகங்கள் கிழக்கிலிருந்து வேகமாக ஓடிவருகின்றன. அரைமணி பெய்து, கால்மணி வெளுத்து, மறுபடி பெய்கின்றன. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஏதேனும் உருவாகியிருந்தால், அதன் முன்னறிவிப்பாக உயரத்தில் மெல்லிய வெண்திரை ஒன்று வானம் முழுவதும் படருவதுண்டு. அன்றிரவு நிலாவைச் சுற்றி வட்டம் தெரியும். கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள். “அகல் வட்டம் பகல் மழை” என்ற பழமொழி எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் எது அகல் வட்டம் என்பதற்கு நம் கையே அளவுகோல். கையை நன்றாக நீட்டிச் சாண் விரித்து, கட்டை விரல் நுனியை நிலாவின்மேல் வைத்தால், சுண்டு விரல் நுனி ஏறக்குறைய அந்த வட்டத்தைத் தொடும். உயரத்துப் பனித்துகள்கள் ஒளியை 22 டிகிரி கோணத்தில் வளைப்பதால் இந்த வட்டம் எப்போதும் அந்த ஒரு சாண் அளவிலேயே அமைகிறது. நிலாவை ஒட்டினாற்போல், மங்கிய செம்மை ஓரத்துடன் தெரியும் சிறு வளையம் வேறு. அது பெரும்பாலும் நீர்த்துளி மேகங்களின் வேலை, அதைக் கண்டு பயப்பட அவசியமில்லை. பெரிய வட்டமும்கூட மழையை நிச்சயிப்பதில்லை. உயரத்தில் ஈரம் சேர்ந்திருக்கிறது என்று சொல்வதோடு அதன் சாட்சியம் முடிகிறது. வட்டமும் தெரிந்து, மறுநாள் வெண்திரை தடித்துத் தாழ்ந்தும் வந்தால், பாவு நீட்டுவதைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறுவதும், தட்டான் தாழப் பறப்பதும், ஈசல் புறப்படுவதும் மழைக்கு அடையாளங்கள் என்ற நம்பிக்கை பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆனால் ஈசல் பெரும்பாலும் ஒரு மழை பெய்து மண் நனைந்த பிறகே புறப்படுகிறது. இனி வரப்போகும் மழையைவிட, பெய்துவிட்ட மழைக்கே அது உறுதியான சாட்சி.

மேகங்களை வகைப்படுத்தும் ஆசை நம்மவருக்குப் பழையது. சம்வர்த்தம், ஆவர்த்தம், புஷ்கலாவர்த்தம், சங்காரித்தம், துரோணம், காளமுகி, நீலவருணம் என்று ஏழு மேகங்களை முன்னோர் கூறினார்கள். ஆனால் இப்பெயர்களை வைத்துக்கொண்டு வானத்தில் இருக்கும் ஒரு மேகத்தைச் சுட்டிக்காட்டுவது எளிதன்று. இன்று உலகம் முழுவதும் வழங்கும் கீற்று, திரள், படை என்ற பாகுபாட்டுக்கு அடிகோலியவர், 1802-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு சிறு சங்கத்தின் முன் உரையாற்றிய லூக் ஹோவர்ட். அவர் தொழிலால் மருந்து தயாரிப்பவர். மேகம் அவருக்கு ஓய்வுநேரச் சிநேகிதம். வடிவத்தைக் கண்ட மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடிய முறையாக இருந்ததால் அது நிலைத்தது.

சில நாட்களுக்கு முன்னதாகவே சொல்ல வேண்டுமென்றால் கண் போதாது. 2002-ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட டாப்ளர் ராடாரின் பார்வைக்குள் ஆரணியும் அடங்கும். அதன் படங்களை இன்று யாரும் கைபேசியில் பார்க்கலாம். வானிலைத் துறையைச் சாராத ஒருவர், இப்படிப்பட்ட படங்களையும் பழைய மழைக் கணக்குகளையும் ஊன்றிப் பார்த்தே ஜனங்களின் நம்பிக்கையைப் பெற முடியும் என்பதற்கு, ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்படும் பிரதீப் ஜான் உதாரணம். இருந்தும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கரையேறிய பின்னும் நகராமல் தங்கி, கடலைவிட்டு வெகுதூரத்திலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிற்று. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. புயல் வரும் என்பதைச் சொல்ல முடிகிறது. அது எங்கே எவ்வளவு நேரம் தங்கும் என்பது இன்னும் கடினமான கேள்வி.

வருஷத்துக்கு முன்பே சொல்வதோ, நெடுநாளைய கனவு. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் சஞ்சரிக்கும் சுமார் இரண்டு வார காலத்தில் மேகங்கள் தெற்கு நோக்கி ஓடுவதைக் கர்ப்போட்டம் என்று நம் விவசாயிகள் கவனித்து வந்தார்கள். கருக்கொண்ட மேகம் 195 நாள் கழித்து மழையாகப் பிறக்கும் என்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையும் கூறுகிறது. இங்கிலீஷ்காரர்களும் இந்தக் கனவிலிருந்து தப்பவில்லை. சென்னை ராஜதானியைச் சூறையாடிய 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி தீவிரமாயிற்று. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், உலகெங்கிலுமிருந்து வந்த புள்ளிவிவரங்களை அலசி, பசிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் உயரும்போது இந்து மகாசமுத்திரத்தில் தாழ்வதையும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதையும் கண்டுபிடித்தார். அந்த ஏற்ற இறக்கத்தோடு இணைந்த, எல் நினோ என்ற பசிபிக் கடல் சூடேற்றம், தென்மேற்குப் பருவத்தை நலிவித்து, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவத்தை வலுப்படுத்தும் சுபாவமுடையது, சென்னை மூழ்கிய 2015 அப்படிப்பட்ட வருஷமே. ஆனாலும் இது சுபாவமே ஒழிய விதியன்று. சித்திரை முதல் நாளில் மழை இத்தனை மரக்கால் என்று பஞ்சாங்கம் சொல்லும் கணக்கைப் பக்தியோடு கேட்பதில் தவறில்லை. அதை நம்பிக் கடன் வாங்குவதுதான் தவறு.

மேகம் பார்க்கும் பழக்கத்தோடு மழையை அளக்கும் பழக்கமும் சேர்ந்தால்தான் பூர்த்தியாகும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு பாத்திரம் போதும். சுவர், மரம் இவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, வெட்டவெளியில் அதை ஆடாமல் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு உள்ளிருக்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதிக்கொண்டு, பாத்திரத்தைக் காலி செய்துவிட வேண்டும். வானிலைத் துறையினர் அளப்பதும் அதே நேரத்தில்தான் என்பதால் இரண்டையும் ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழுந்த ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டரை மில்லிமீட்டர் பெய்தால்தான் அது மழை நாளாகக் கணக்கில் ஏறும், 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. ஆரணியில் கொட்டும்போது அருகிலுள்ள களம்பூரில் வெயில் அடிக்கிற ஆடி மாதத்து மழையை ஒரு கருவியால் அளந்துவிட முடியாது; தெருவுக்கு ஒருவர் அளந்தால்தான் அதன் உண்மை ரூபம் தெரியும். தறி உள்ள வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளை யாரேனும் இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து இந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். எத்தனை மில்லிமீட்டர் பெய்த பிறகு உங்கள் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது என்பதையும் அதிலேயே குறித்துவரச் சொல்லுங்கள்.