முகாமிலிருந்து மேடைக்கு

2016 மார்ச் முதலாம் திகதி மாலை, பேர்லின் பில்ஹார்மனி மண்டபம் அகதிகளுக்கும் அவர்களுக்குத் துணைநின்ற தொண்டர்களுக்குமாக இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. நகரின் மூன்று பெரும் இசைக்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வாசித்தன. டானியேல் பாரன்பொய்ம் பியானோவில் அமர்ந்தவாறே தமது குழுவை வழிநடத்தி மொசாற்றின் படைப்பொன்றை வழங்கினார். இவான் பிஷ்ஷர் புறொக்கோபியெவ்வின் இசையையும், சேர் சைமன் றாற்றில் பீற்றோவனின் ஏழாவது சிம்பொனியின் பகுதிகளையும் நெறிப்படுத்தினர். இம்மூவரையும் ஒரே இரவில் கேட்பது, பணம் கொடுக்க வல்ல பேர்லின்வாசிகளுக்கே அரிது.

முந்திய ஆண்டில் ஏறத்தாழ 8,90,000 பேர் தஞ்சம் நாடி ஜேர்மனிக்கு வந்திருந்தனர். அவ்வேளையில் அளிக்கப்பட்ட இவ்வரவேற்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அன்று மேடையில் இருந்தோர் விருந்தளித்தோர். கீழே இருந்தோர் விருந்துண்டோர். வந்தவர்களுள்ளும் கலைஞர்கள் இருந்தனர் அல்லவா?

றாயெத் ஜஸ்பே என்னும் சிரிய நாட்டுக் கலைஞர் இதனை உணர்ந்தவர். கொன்றபாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் அவர். ஐரோப்பிய நாடுகளிற் சிதறிக் கிடந்த தம்மவரைத் தேடித் திரட்டிப் புலம்பெயர் சிரியருக்கென ஓர் இசைக்குழுவை அமைத்தார். 2015 செப்ரெம்பரில் பிறேமன் நகரில் அதன் முதற் கச்சேரி நிகழ்ந்தது. உதவி பெறுபவராக அன்றித் தம் தொழிலைச் செய்பவராகவே அவர்கள் மேடையேறினர்.

ஏஹம் அஹ்மத்தின் கதை வேறு. டமாஸ்கஸ் அருகே முற்றுகைக்குள்ளான யார்மூக் அகதி முகாமில், பியானோவை வண்டியிலேற்றித் தெருவுக்குத் தள்ளிச்சென்று வாசித்தவர் அவர். 2015 ஏப்ரலில் ஆயுததாரிகள் அப்பியானோவை எரித்தனர். அவ்வாண்டே ஜேர்மனி வந்தடைந்த அவருக்கு, டிசெம்பரில் பொன் நகரில் மனித உரிமைகளுக்கான பீற்றோவன் பரிசு வழங்கப்பட்டது. பரிசு கைக்கு வந்தபோது மனைவியும் பிள்ளைகளும் சிரியாவிலேயே இருந்தனர். அவர்கள் வந்துசேர்ந்தது 2016இல். குடும்பம் வந்துசேரக் காத்திருந்த எம் வாசகர்களுக்கு அந்த இடைவெளியை நாம் விளக்கத் தேவையில்லை.

எண்பதுகளில் இங்கு வந்த நம்மவருள்ளும் மிருதங்கமும் நாதஸ்வரமும் கற்றுத் தேர்ந்தோர் இருந்தனர். பகலெல்லாம் உணவகத்திற் பாத்திரம் கழுவிய கைகளே, வார இறுதியில் தாளம் பிடித்தன. 1982ஆம் ஆண்டுச் சட்டம் தஞ்சம் கோரியோரை அவரவர் மாவட்ட எல்லைக்குள் நிறுத்தியிருந்தது. அயல் நகரத்துத் திருமணத்தில் தவில் வாசிப்பதற்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதமின்றிச் சென்று பிடிபட்டால் தண்டம். 2015 ஜனவரியில் இக்கட்டுப்பாடு பெருமளவு தளர்த்தப்பட்டது. எனினும், முதற்கட்ட வரவேற்பு முகாமில் தங்கவேண்டியோர் அனுமதியின்றி எல்லை தாண்ட இன்றும் இயலாது. அவர்களை மேடைக்கு அழைக்க விரும்பும் இசைக்குழுவினர், ஒத்திகை நாளைக் குறிக்குமுன் அக்கடிதத்துக்கு விண்ணப்பிப்பது நன்று.