ஆஃப்சைடு கொடியும் கண்ணின் கணக்கும்

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி என்றால் எஸ்டேட் முழுக்க அதே பேச்சாக இருக்கும். 1940களில் தொடங்கிய போட்டி அது. ஃபின்லே கம்பெனி போய், டாடா வந்து, இப்போது கண்ணன் தேவன் நிறுவனத்தின் காலத்திலும் எஸ்டேட் அணிகள் அந்தக் கேடயத்துக்காக மோதுகின்றன. ஆடுகிறவர்களிலும் ஓரத்தில் நின்று கத்துகிறவர்களிலும் பலர், தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்துவரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். அப்படியொரு ஆட்டத்தில் பந்து வலைக்குள் போய்விட்டது, ஆனால் கோட்டோரத்தில் கொடி உயர்ந்துவிட்டது என்று வையுங்கள். "லைன்ஸ்மேன் அவங்க ஆளு" என்று ஒரு குரல் எழும். அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் அநியாயமானது. கொடி தவறாக உயரும்போது, காரணம் பெரும்பாலும் அவருடைய கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் இந்தச் சண்டைக்கே இடமில்லாத ஒரு கால்பந்து உண்டு. அறுவடை முடிந்த வயல்களிலும் சின்ன மைதானங்களிலும் விளக்கொளியில் நடக்கும் செவன்ஸ் ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. எதிரணி கோல் முகத்திலேயே ஒருவர் காத்து நிற்கலாம். அங்கே வளர்ந்த பையன் பதினோரு பேர் ஆட்டத்துக்கு வந்ததும் புதிதாகப் பழக வேண்டிய விதி இதுதான்.

விதி எளிது. எதிரணிப் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் கோட்டுக்கு நெருக்கமாக நிற்பவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். அங்கிருந்தபடி ஆட்டத்தில் தலையிட்டால் குற்றம். கோல்கீப்பரும் ஓர் ஆளாகவே எண்ணப்படுவார். தலை, உடல், கால் மட்டுமே கணக்கு, கை சேராது. நேர்கோட்டில் நின்றால் தப்பில்லை என்பது 1990இல் வந்த மாற்றம். சிரமமெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையில் இருக்கிறது: இவை அனைத்தையும் சக வீரர் பந்தை உதைத்த அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும்.

உதைப்பவர் ஓரிடத்தில், ஓடுகிறவர் முப்பது மீட்டர் தள்ளி இன்னோரிடத்தில். நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. ஓரிடத்தில் பதிந்த பார்வை இன்னோரிடத்துக்குத் தாவக் கிளம்பவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் முன்கள வீரர் அதற்குள் 1.6 மீட்டர் கடந்துவிடுவார். ஆகவே தேர்ந்த லைன்ஸ்மேன், அதாவது உதவி நடுவர், உதைப்பவரை நேராகப் பார்ப்பதில்லை. தடுப்பாளர் வரிசையிலேயே பார்வையை நிறுத்தி, உதையை ஓரக்கண்ணாலும் காதாலும் பிடிக்கிறார். காதும் முழு உதவி செய்யாது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி விழுந்த உதையின் சத்தம் 0.1 விநாடி தாமதமாக வந்து சேர்கிறது. அதற்குள் ஓடுகிறவர் 80 சென்டிமீட்டர் முன்னே போய்விட்டார்.

பார்வை தாவாமலே இருந்தாலும் இன்னொரு மயக்கம் காத்திருக்கிறது. ரோமி நிஜவன் என்ற ஆய்வாளர் 1994இல் 'நேச்சர்' இதழில் அதை விவரித்தார். நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளுக்கு நேர் பக்கத்தில் ஒரு கணம் மட்டும் ஒளி மின்னுகிறது. இரண்டும் உண்மையில் ஒரே கோட்டில் இருக்கின்றன. பார்க்கிறவருக்கோ நகரும் பொருள் மின்னலைத் தாண்டி முன்னே இருப்பதாகவே தெரியும். விழித்திரையில் விழுந்த காட்சி மூளைக்குச் சென்று உணரப்படக் கொஞ்சம் நேரமாகிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட, நகரும் பொருள் இப்போது எங்கே இருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக் காட்டுகிறது என்பது நிஜவனின் விளக்கம். விளக்கத்தில் மற்ற ஆய்வாளர்கள் மாறுபடுகிறார்கள். மயக்கம் இருப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மைதானத்தில் உதைதான் மின்னல், ஓடும் முன்கள வீரர்தான் நகரும் பொருள். பிரேசில் ஆய்வாளர் பால்டோவும் அவருடைய சகாக்களும் 2002இல் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார்கள். ஒழுங்கான இடத்தில் இருப்பவரும் தாண்டி நிற்பதாகத் தெரிவார், கொடி உயரும்.

மூன்றாவது காரணம் வெறும் வடிவியல். நெதர்லாந்தின் அவுடெயான்ஸ் குழு 2000இல் இதை வெளியிட்டது. மைதானத்தில் ஒத்திகை பார்த்த 200 சந்தர்ப்பங்களில் தொழில்முறை உதவி நடுவர்கள் 40 முறை பிழை செய்தார்கள். கடைசித் தடுப்பாளருக்கு நேர்கோட்டில் நிற்காமல், சற்றே கோல் கோட்டின் பக்கம் தள்ளி நின்றதுதான் இதற்கு வழிவிட்டது. ஒரு தாளில் வரைந்து பாருங்கள். உதவி நடுவர் 1 மீட்டர் முன்னே நிற்கிறார்; தடுப்பாளர் அவரிடமிருந்து 30 மீட்டர் தூரத்தில்; முன்கள வீரர் அதே வரிசையில் இன்னும் 15 மீட்டர் அப்பால். உதவி நடுவரின் பார்வைக் கோட்டில் முன்கள வீரர் அரை மீட்டர் முந்தி நிற்பதாகத் தெரியும். முன்கள வீரர் தடுப்பாளருக்கு இப்பால் ஓடினால் தலைகீழாகிவிடும்: உண்மையிலேயே தாண்டியவரும் ஒழுங்காகத் தெரிவார்.

2002 உலகக் கோப்பையில் உதவி நடுவர்களில் ஒருவராகக் கொடி பிடித்தவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர். இந்திய அணி ஆடாத மேடையில் ஒரு தமிழர் கோட்டோரத்தில் ஓடியதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. அந்தத் தொடரின் ஆஃப்சைடு முடிவுகளைப் பெல்ஜியத்தின் வெர்னர் ஹெல்சன் குழு பிறகு காணொளியில் சரிபார்த்தது. 26.2 சதவீதம் தவறு. உலகெங்கும் பொறுக்கியெடுத்த கண்களே நான்கில் ஒன்றுக்கு மேல் தவறின. தூக்கக் கூடாத இடத்தில் கொடி தூக்கிய தவறுகளே அவற்றில் மிகுதி. மின்னல் மயக்கம் எதிர்பார்ப்பதும் அதையேதான்.

இந்தப் பிழைகளைத் தவிர்க்க, 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரையடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை பதிந்தன. பந்துக்குள் இருந்த உணரி விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. முதல் ஆட்டத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா அடித்த கோல் இப்படித்தான் ரத்தானது. இந்த வசதி எஸ்டேட் மைதானத்துக்கு வரப்போவதில்லை. இந்தியாவின் ஐ.எஸ்.எல். போட்டிகளே 2024-25 பருவம் வரை காணொளி நடுவர் இல்லாமல்தான் நடந்தன.

நமக்குக் கைகொடுக்கக்கூடியது பயிற்சி. ஆஃப்சைடு காட்சிகளைத் திரையில் பார்த்து, முடிவு சொல்லி, சரியா தவறா என்று உடனே தெரிந்துகொள்ளும் உதவி நடுவர்களின் பிழை குறைகிறது என்று லூவன் பல்கலைக்கழகத்தில் ஹெல்சனும் சகாக்களும் காட்டியிருக்கிறார்கள். மயக்கம் போய்விடாது, அதற்குத் தள்ளுபடி கொடுத்துக் கணிக்க மூளை பழகிக்கொள்கிறது. இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். கோட்டோரத்தில், தடுப்பாளர் வரிசைக்கு நேராக, நிற்கிறவரின் கண் உயரத்தில் பிடித்த செல்போன் காணொளிகள் போதும்.

இடுக்கியிலும் பாலக்காட்டிலும் போட்டி நடத்துகிற கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். பரிசுத் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, ஆட்ட நாளுக்கு முந்தைய வாரம் உதவி நடுவர்களை உட்காரவைத்து இந்தப் பயிற்சியைக் கொடுங்கள். அவர்கள் தடுப்பாளர் வரிசையோடு தடையில்லாமல் ஓட, கோட்டோரத்தில் இரண்டு மீட்டர் இடத்தைக் கயிறு கட்டிக் காலியாக வையுங்கள். பார்க்க வருகிறவர்களும் அந்தக் கயிற்றைத் தாண்டாமல் நில்லுங்கள்.