சருமப் புற்றுநோயெனத் தோன்றும் தீங்கற்ற மச்சங்கள்

மனிதருடைய சருமத்திற்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமியாகும். இந்நிறமியை உண்டாக்கும் வகையைச் சேர்ந்த அணுக்கள் ஓரிடத்தில் கூட்டமாகத் திரளும்போது மச்சம் தோன்றுகிறது. மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் யாதொரு தீங்கும் விளைவிப்பதில்லை. ஆனால், நிறமி அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் உண்டாகும் மெலனோமா என்னும் புற்றுநோய் உயிருக்கு ஆபத்தானது. இவ்விரண்டையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிதல் எப்பொழுதும் இயலுவதன்று. நுண்ணோக்கியில் பார்த்த நிபுணர்களும் ஏமாந்ததுண்டு.

குழந்தைகளிடம் காணப்பட்ட புதிர்

சிறுவர் சிறுமியரின் முகத்திலோ கால்களிலோ சில சமயம் இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறமுள்ள, குமிழ் போன்ற மச்சம் ஒன்று தோன்றும். அது சில மாதங்களில் விரைவாக வளர்ந்து, பின்னர் நின்றுவிடும். பெரும்பாலும் 1 சென்டிமீட்டருக்கு மேற்படாது. இதனை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் நோக்கினால், மெலனோமாவின் அணுக்களைப் பெரிதும் ஒத்த பெரிய அணுக்கள் தென்படும்.

1948ஆம் ஆண்டில் அமெரிக்க நோயியல் நிபுணரான சோஃபி ஸ்பிட்ஸ் அம்மையார் இத்தகைய 13 குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் ஒரு குழந்தை மட்டுமே நோய் பரவி இறந்தது. நுண்ணோக்கியில் கொடிய நோயாகத் தோன்றியது, ஏனைய குழந்தைகளிடம் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. அவர் இதனை இளம்பருவ மெலனோமா என்று அழைத்தார். இது புற்றுநோயன்று, தீங்கற்ற மச்சமே என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. இன்று இது ஸ்பிட்ஸ் மச்சம் எனப்படுகிறது. எனினும், ஐயத்திற்கு இடமான சில மச்சங்கள் இன்றும் உள்ளன. அவற்றை அனுபவமிக்க நோயியல் நிபுணர்கள் மீண்டும் ஆராய்வதும், அணுக்களின் மரபுப் பொருளைச் சோதிப்பதும் வழக்கமாகியுள்ளன.

வேறு சில மயக்கங்கள்

நிறமி சருமத்தின் ஆழத்தில் அமைந்தால், ஒளிச் சிதறலினால் மச்சம் நீலமாகவோ நீலக் கறுப்பாகவோ தோன்றும். கையிலும் பாதத்தின் மேற்புறத்திலும் காணப்படும் இந்த நீல மச்சம் பெரும்பாலும் தீங்கற்றது. முதியோரின் முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்தாற்போல் காணப்படும் சொரசொரப்பான கரும் பருக்களும் இத்தகையவையே. அடிபட்டு நகத்தின்கீழ் உறைந்த இரத்தமும் கரும்புள்ளியாகத் தெரியும். ஆனால், அது நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து மறையும்.

ஐயுறத்தக்க குறிகள்

மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியை ஒவ்வாதிருத்தல், ஓரம் ஒழுங்கற்றிருத்தல், ஒரே மச்சத்தில் பல நிறங்கள் கலந்திருத்தல், குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேற்படுதல் ஆகிய நான்கு குறிகளும் 1985ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களால் வகுக்கப்பட்டன. நாளடைவில் காணும் மாறுதல் ஐந்தாவது குறியாகப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. நடுவயதுக்குப் பின் புதிதாகத் தோன்றி வளர்வதும், இரத்தம் கசிவதும், ஆறாத புண்ணாவதும் அசட்டை செய்யத்தக்கவை அல்ல.

இந்தியாவில் மெலனோமா அரிது. ஆனால், இங்கு அது தோன்றும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் காணப்படுவது மிகுதி. உள்ளங்காலை எவரும் உற்று நோக்குவதில்லை. அங்குள்ள கரும்புள்ளியை முள் குத்திய வடுவென்றும் கால் ஆணியென்றும் எண்ணிக் காலம் கடத்துவோர் பலர். நோய் முற்றியபின் சிகிச்சை கடினமாகிறது. ஆகையால், களப்பணியாளர் பிறரைப் பரிசோதிக்கையில் பாதங்களையும் பார்த்தல் நலம்.

செய்யத்தகாதவையும் செய்யத்தக்கவையும்

சுண்ணாம்பும் காரமும் வைத்தும், அமிலம் தடவியும், மயிரால் இறுகக் கட்டியும் மச்சத்தைப் போக்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. இதனால் இருவகைக் கேடு உண்டு. அது புற்றுநோயாயின், மேற்பகுதி மட்டும் அழிந்து நோய் உள்ளே வளரும். ஆராய்வதற்குரிய திசுவும் சிதைந்துவிடும். தீங்கற்ற மச்சமாயினும், எஞ்சிய அணுக்கள் வடுவினூடே மீண்டும் வளரும்போது, நுண்ணோக்கியில் மெலனோமாவைப் போலவே தோன்றக்கூடும். 1975ஆம் ஆண்டில் இந்நிலைக்குப் போலி மெலனோமா என்று பெயரிடப்பட்டது.

ஐயத்திற்குரிய மச்சத்தைக் காணும் களப்பணியாளரும் ஆசிரியரும், அது புற்றுநோயென்றோ அன்றென்றோ தாமே தீர்ப்புக் கூறலாகாது. அதன் இடம், அளவு, நிறம், தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உரியவரைச் சரும நோய்ப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். வெட்டியெடுக்கப்படும் மச்சம் எவ்வளவு சிறியதாயினும், அது நோயியல் ஆய்வுக்கு அனுப்பப்படுகிறதா என்று கேட்டறியுமாறும் அவருக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும். முன்னர் ஏதேனும் மருந்து வைத்துச் சுட்டிருந்தால், அச்செய்தியை மருத்துவரிடம் மறைக்கலாகாது. முடிவு அதனைப் பொறுத்தும் மாறக்கூடும்.