குரலுக்கு ஒரு சுங்கச்சாவடி

பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் ஒரு ரீசார்ஜ் கடை. ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா தன் செல்போனைக் கடைக்காரரிடம் நீட்டினார். “பாய், துபாய்ல இருக்கிற என் பையனுக்கு வாய்ஸ் அனுப்பினா போவுது. அவன் அனுப்பினாலும் வருது. போட்டோ போவுது, வீடியோ போவுது. வாட்ஸப்புல போன் பண்ணா மட்டும் லைன் சேரமாட்டேங்குது. என் போன்ல என்ன கோளாறு?”

“உங்க போன்ல ஒண்ணும் இல்லம்மா, அந்த ஊர்ல அப்படித்தான்” என்றார் கடைக்காரர். சரியான பதில்தான். ஆனால் அந்த அம்மாவின் முகம் தெளியவில்லை. அதே போன், அதே குரல், போகிற வழியும் அதே. பதிவு செய்து அனுப்பினால் போய்ச் சேர்கிறது, நேரே பேசினால் நிற்கிறது. இது எப்படி? வெளிநாட்டுப் பேச்சுக்கு நாம் எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்பது முழுக்க இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, கன்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க எழுப்பப்பட்ட பேட்டை பிரேசர் டவுன். இன்று அரசுப் பெயர் புலிகேசி நகர். பேச்சில் பழைய பெயர்தான் நிற்கிறது. தமிழ் வீட்டுமொழியாக இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு பிள்ளை இருக்கும் வீடும் அபூர்வமல்ல. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அந்தப் பிள்ளைகளோடு பேசப் பலருக்கு இருந்த ஒரே வழி, எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய மஞ்சள் போர்டுக் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் தொலைபேசி, வெளியே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர்.

அந்த மீட்டரைக் கடிகாரம் என்றே பலரும் நினைத்திருந்தோம். உண்மையில் அது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் துடிப்பை எண்ணும் கருவி. ‘பல்ஸ்’ என்று கடைக்காரர்கள் சொன்னது அதைத்தான். பேச்சு வரும் அதே கம்பியில் 16,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு குறிப்பொலியை எக்ஸ்சேஞ்ச் அனுப்பும். தொலைபேசியில் குரல் 3,400 ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. ஆகவே பேசுபவர் காதில் விழாமலே மீட்டர் அந்த ஒலியைப் பிரித்து எண்ணிவிடும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பல்ஸ் 1 ரூபாய் 20 காசு. உள்ளூர்ப் பேச்சென்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு பல்ஸ். அமெரிக்காவென்றால் நிமிடத்துக்கு 51 பல்ஸ், அதாவது 61 ரூபாய் 20 காசு. ஏறக்குறைய நொடிக்கொரு தரம் சிவப்பு எண் ஏறும். “ஹலோ, கேக்குதா? நான்தான் பேசறேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து ரூபாய் போய்விடும். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அழுகைக்கும் அதே கட்டணம். அதனால்தான் பல வீடுகள் குரலை ஆடியோ கேசட்டில் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பின. அந்த அம்மாவின் வாய்ஸ் மெசேஜுக்கு முன்னோடி அந்தக் கேசட்.

ஏன் அவ்வளவு விலை? பாதிக் காரணம் வழி குறுகலாக இருந்தது. புனே அருகே ஆர்வியில் 1971-இல் அமைந்த செயற்கைக்கோள் நிலையமும், 1981-இல் சென்னையிலிருந்து மலேசியாவின் பினாங்குக்குப் போட்ட கடலடிக் கம்பியும் அந்தக் காலத்துப் பெரிய வாசல்கள். செயற்கைக்கோளோ பூமிக்கு 35,786 கிலோமீட்டர் மேலே. குரல் ஏறி இறங்கவே கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. பழைய ஐ.எஸ்.டி. அழைப்பில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி சேர்ந்தே தொடங்குவார்களே, அது அந்த அரை நொடியின் வேலை. மௌனத்துக்கும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

மீதிப் பாதி, வாசற்காவல். 1986-இல் தொடங்கிய விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற ஒரே நிறுவனத்தின் வழியாகத்தான் நாட்டின் வெளிநாட்டுப் பேச்சு முழுவதும் போக வேண்டும். அந்த ஏகபோகம் 2002 மார்ச் 31-இல் முடிந்தது. மறுநாள், ஏப்ரல் 1 முதல், தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டு இணைப்புத் தரலாம், இணையம் வழியாகவும் பேசலாம் என்றானது. அதே ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டருக்கு ஒரு கண்ணாடி இழைக் கம்பி கடலுக்கடியில் இறங்கியது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குகூட ஆகாது. கூண்டுக்குள் கேட்ட அந்த அரை நொடிப் பள்ளத்தைத் தூர்த்தவை இத்தகைய கம்பிகள்தான்.

இனி குரலைப் பார்ப்போம். பிரேசர் டவுனிலிருந்து பழைய மெட்ராஸ் சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் தூரவாணி நகர் வரும். தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையால் அந்த ஊருக்கு அந்தப் பெயர். நாட்டின் எத்தனையோ வீடுகளில் மணியடித்த கறுப்புப் போன்கள் அங்கே செய்யப்பட்டவை. அந்தப் போன்களில் குரல் மின் அலையாகவே கம்பியில் ஓடியது. பின்னால் வந்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் அதை எண்ணாக மாற்றின. குரலலையின் உயரத்தை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட். உலகத் தொலைபேசிகளின் அடிப்படை அளவாக இதுவே நெடுங்காலம் இருந்தது.

செல்போன் செயலிகள் இன்னும் சிக்கனமானவை. 2012-இல் தர அங்கீகாரம் பெற்ற ‘ஓபஸ்’ போன்ற குரல் சுருக்கும் முறைகள், காதுக்குத் தேவையில்லாததைக் கழித்து, நொடிக்கு 24,000 பிட்டிலேயே பழைய போனைவிடத் தெளிவான குரலைத் தந்துவிடும். அந்தக் குரலை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஓர் உறையில் போட்டு அனுப்புவார்கள். துண்டு 60 பைட். உறையின்மேல் எழுதும் முகவரியும் வரிசை எண்ணும் சேர்த்து 40 பைட். கடிதத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு முகவரி! அப்படியும், கணக்குப் போட்டால் இருபுறமும் சேர்த்து நிமிடத்துக்கு 600 கிலோபைட்தான். ஒரு மணி நேரம் பேசினால் 36 மெகாபைட். ஒரு ஜிபியை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசலாம். அனுப்பும் செலவு அவ்வளவே. அது மதுரைக்குப் போனாலும் மெல்போர்னுக்குப் போனாலும் ஒன்றுதான்.

அப்படியென்றால் இன்றும் சாதாரண ஐ.எஸ்.டி.க்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களே, அது எங்கே போகிறது? ஒரு நாட்டின் தொலைபேசி வலைக்குள் வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்புக்கும், உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனம் ஒரு கூலி கேட்கும். சுங்கச்சாவடிதான். இந்தியாவுக்குள் வரும் பேச்சுக்கு இந்தக் கூலி 2015-இல் நிமிடத்துக்கு 53 காசாக இருந்தது. 2018 பிப்ரவரியில் 30 காசானது. 2020 முதல் 35-லிருந்து 65 காசுக்குள் நிறுவனங்களே பேசி வைத்துக்கொள்ளலாம். சில நாடுகளில் இது பல ரூபாய். பக்கத்து நாட்டுக்குப் பேச அமெரிக்காவைவிட அதிகம் கேட்கிறார்களே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. தூரம் பில்லில் ஏறுவதில்லை, சாவடிதான் ஏறுகிறது.

சாவடி இருந்தால் குறுக்குவழியும் இருக்கும். வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாக இறக்கி, ஒரு பெட்டிக்குள் செருகிய உள்ளூர் சிம்களின் மூலம் சாதாரண உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவதை ‘சிம் பாக்ஸ்’ என்பார்கள். 2021 ஜூனில் இப்படி 32 பெட்டிகளைப் பெங்களூரு போலீஸ் பிடித்தது. ஒரே நேரத்தில் 960 சிம்கள் ஓடும் அளவுக்குப் பெரிய ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்து பேசுகிறவரின் எண் உங்கள் திரையில் சம்பந்தமில்லாத உள்ளூர் எண்ணாக வந்தால் இப்படி ஒரு பெட்டி நடுவில் இருக்கலாம். கூலி ஏய்ப்பு மட்டுமல்ல இதன் குற்றம். யார் யாரை அழைத்தார்கள் என்ற தடயமே அழிந்துபோகிறது. நான் இதை மலிவு வழி என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

இப்போது துபாய். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிப் பேச்சு உரிமம் பெற்ற தொழில். உரிமமில்லாத செயலிகளின் அழைப்பை அங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கின்றன. வாய்ஸ் மெசேஜ் ஒரு கோப்பு, கடிதம் மாதிரி. அது தடையின்றிப் போகும். நேரடிப் பேச்சின் உறைகளோ நொடிக்கு ஐம்பது என்று சீரான தாளத்தில் இரு திசையிலும் ஓடும். உள்ளே இருக்கும் குரலைப் பிரித்துக் கேட்க முடியாவிட்டாலும், அந்தத் தாளத்தை வைத்தே வலையின் காவல் கருவிகளால் அடையாளம் காண முடியும். அந்த அம்மாவின் கேள்விக்கு விடை இதுதான். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இப்படிப்பட்ட பல செயலிகளின் மேலிருந்த தடையை நீக்கியது. வி.பி.என். என்ற மறைவழிச் செயலியைப் போட்டுப் பேசு என்று நண்பர்கள் சொல்வார்கள். அமீரகச் சட்டத்தில் வி.பி.என்.னைக் குற்றம் செய்யவோ மறைக்கவோ பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹமிலிருந்து தொடங்குகிறது. சம்பாதிக்கப் போன பிள்ளையை அந்த வம்பில் தள்ள வேண்டாம். போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு அங்குள்ள நிறுவனத்திடம் மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். பிள்ளை போனிலும் தாய் போனிலும் ஒரே செயலி இருந்தால் போதும்.

இப்படித் தடை இல்லாத நாடுகளுக்குச் செயலியிலிருந்து செயலிக்குப் பேசுவதே எல்லாவற்றிலும் மலிவு, ஏனென்றால் அங்கே சாவடியே இல்லை. எதிர்முனையில் இருப்பது அலுவலக எண்ணோ மருத்துவமனை எண்ணோ என்றால் சாவடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்போது உங்கள் செல்போன் நிறுவனத்தின் ஐ.எஸ்.டி. பேக்கைப் பாருங்கள். பேக் போடாமல் பேசினால் விழும் கட்டணத்துக்கும் பேக் கட்டணத்துக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பி அழைக்காதீர்கள். கூலி அதிகமுள்ள எண்ணுக்கு உங்களை அழைக்க வைத்து, அதில் பங்கு பார்க்கும் மோசடி அது.

கடைக்காரர் அந்த அம்மாவின் போனில் புதுச் செயலியை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் பையனின் பாட்டி, பட்டன் போன். செயலி கிடையாது, இணையம் கிடையாது. “அவங்களுக்கு அவன் எப்படிப் பேசுவான்?” பாட்டிக்கு மட்டும் அவன் துபாயிலிருந்து பழையபடி ஐ.எஸ்.டி.தான் போட வேண்டும், இல்லையென்றால் அம்மா ஊருக்குப் போகும்போது தன் போனைக் கையில் கொடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “சரி பாய், பொங்கலுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு, பையன் அழைப்பதற்காகப் போனைக் கையிலேயே பிடித்தபடி படியிறங்கினார்.